புற்றுநோய்ச் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிப்பது எப்படி?



புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கு வீடே இடிந்து போய்விடும். அழுகை, பயம், "நாங்க யாருக்கு என்ன பாவம் செஞ்சோம்" என்ற பேச்சு எல்லாம் வரும். அது இயற்கை. ஆனால் தோட்டங்களில் நான் காண்கிற பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. நோயைக் கண்டுபிடித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய், சிகிச்சையையும் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று தடவையோடு நின்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் சொல்லும் காரணங்கள் இவைதான். "வாந்தி தாங்க முடியல்ல ஐயா." "பஸ்சுக்குக் காசு இல்ல." "முடி எல்லாம் கொட்டிருச்சு, தலை காட்ட முடியல்ல." "பேர் விழாட்டி வீட்டுல அடுப்பு எரியாது." "இப்ப கட்டி கரைஞ்சிருச்சு, இனி எதுக்கு?"

இதில் ஒன்றுகூட சோம்பேறித்தனம் இல்லை. எல்லாம் உண்மையான கஷ்டம். ஆனால் இவற்றில் முக்கால்வாசியை சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே யோசித்து ஏற்பாடு செய்து கொள்ள முடியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை தடவை என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டை எப்படித் தயார் செய்வது என்பது நம் கையில் இருக்கிறது.

மருந்து ஏற்றுவது என்றால் என்ன?

புற்றுநோய் என்பது நம் உடம்பில் உள்ள அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுவது. அது ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது.

மருந்து ஏற்றுவது, அதாவது கீமோ, பெரும்பாலும் சேலைன் மாதிரி நரம்பு வழியாகக் கொடுக்கப்படும். சிலருக்கு மாத்திரையாகவும் கொடுப்பார்கள். வேகமாகப் பெருகும் அணுக்களை இந்த மருந்து அழிக்கும். நம் முடி வேர், வாயின் உட்தோல், குடல், இரத்தம் ஊறும் எலும்பு மச்சை ஆகியவற்றில் உள்ள நல்ல அணுக்களும் வேகமாகப் பெருகுகிறவைதான். அதனால் அவையும் கொஞ்சம் அடிபடும். முடி கொட்டுவது, வாய் புண்ணாவது, வாந்தி, உடம்பு சோர்வு எல்லாம் இதனால்தான் வருகின்றன.

நல்ல அணுக்கள் தேறி வருவதற்காகத்தான் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இடைவெளி விடுகிறார்கள். பல மருந்துகளுக்கு அது 3 கிழமை. சிலவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கிழமை. மலையில் புல்லு வெட்டுகிற மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். ஒருமுறை வெட்டினால் மேலே சுத்தமாகத் தெரியும். அடுத்த சுற்று வெட்டாமல் விட்டால் மிச்சமிருந்த வேர் கிளம்பி தேயிலையை மூடிவிடும். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது நோய் போனதற்கு அடையாளம் இல்லை. டொக்டர் ஆறு தடவை என்று சொன்னால் ஆறு தடவைதான்.

கரண்ட் பிடிப்பது என்றால் என்ன?

நாங்கள் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்கிற சிகிச்சையில் மின்சாரம் பாய்ச்சுவது கிடையாது. எக்ஸ்ரே எடுப்பது போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள கதிரை நோய் இருக்கும் இடத்தில் மட்டும் செலுத்துவார்கள். மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வலி தெரியாது, ஷொக் அடிக்காது.

வெளியிலிருந்து கதிர் பிடித்தவரின் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். "கரண்ட் பிடிச்ச ஆளுகிட்ட போகாதே" என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். நோயாளியின் மனதை அதைவிட நோகடிப்பது வேறொன்றும் இல்லை.

பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, பல கிழமைகளுக்கு இது நடக்கும். வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு 5 முதல் 7 கிழமை வரை போகலாம். நடுவில் நாட்களைத் தவறவிட்டால் சிகிச்சையின் பலன் குறையும். ஆகவே கரண்ட் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது எங்கே தங்குவது என்பதைத்தான்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. கேள்விகளைக் கேளுங்கள். கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். ஆகவே வீட்டிலேயே துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன புற்று, எந்த அளவில் இருக்கிறது? இந்தச் சிகிச்சை குணமாக்கவா, இல்லாவிட்டால் வேதனையைக் குறைக்கவா? எத்தனை தடவை? என்ன கஷ்டம் வரும்? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். தெரியாமல் "ஆ, ஆ" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். விளங்காவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள், தோட்டத்தில் யாரிடமாவது வாசித்துக் கேட்கலாம்.

2. பல்லைக் காட்டுங்கள். வாயிலோ கழுத்திலோ கரண்ட் பிடிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னாலேயே பல் டொக்டரிடம் போக வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை முதலிலேயே பிடுங்கி, புண் ஆறிய பிறகுதான் கதிர் தொடங்குவார்கள். கதிர் பிடித்த தாடையில் பிற்பாடு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். சிகிச்சை முடிந்து எத்தனை வருஷம் ஆனாலும், பல் பிடுங்கப் போனால் "எனக்கு கரண்ட் பிடிச்சிருக்கு" என்று கட்டாயம் சொல்லுங்கள்.

3. வெற்றிலை, புகையிலை, பாக்கு, சுருட்டு, சாராயம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நம் தோட்டங்களில் வாய்ப்புற்றுக்கு முக்கிய காரணமே வெற்றிலைக் கூட்டுதான். புகையிலை போடாமல் வெறும் பாக்கு மென்றாலும் கெடுதிதான். சிகிச்சை நேரத்தில் மென்றால் புண் ஆறாது.

4. கர்ப்பம் பற்றிச் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் மறைக்காதீர்கள். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. கீமோ எடுக்கும் தாய் பால் கொடுக்கவும் கூடாது. இனிமேல் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற இளம் தம்பதிகள் அதையும் தொடங்க முன்னால் டொக்டரிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

5. கடதாசிகளை ஒன்று சேருங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, சதை வெட்டிப் பார்த்த ரிப்போர்ட், ஸ்கேன், இரத்த ரிப்போர்ட், குடிக்கிற மற்ற மருந்துகளின் துண்டு எல்லாவற்றையும் மழையில் நனையாத ஒரே பொலித்தீன் பையில் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

போக்குவரத்தும் பணமும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. மஹரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைதான் நாட்டின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி. மலையகத்துக்குக் கிட்ட கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மருந்து ஏற்றுவதும் கரண்ட் பிடிப்பதும் இரண்டும் உண்டு. முதலில் மஹரகமவில் காட்டியவர்கள், மிச்சத்தைக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் முடியாது, ஆனால் கேட்பதில் தப்பில்லை.

கிழமைக்கு 5 நாள் போய் வர முடியாதவர்கள் வார்டில் தங்க முடியுமா, நோயாளிகள் தங்கும் இடம் பக்கத்தில் உண்டா என்று கிளினிக்கில் உள்ள தாதியிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ முதல் நாளே விசாரியுங்கள்.

பண உதவிக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று ஜனாதிபதி நிதியம். முன்பு இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரையும் கண்டு வேறு உதவி உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது ஊழியர் சேமலாப நிதி. 10 வருஷத்துக்கு மேல் அங்கத்தவராக இருந்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இருந்தால், வைத்தியச் செலவுக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிக்கலாம். தொழில் திணைக்கள அலுவலகத்தில் விபரம் சொல்வார்கள். நகையை அடகு வைத்து வட்டிக்குப் போவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

வேலைக்கு வராமல் இருப்பதைத் தோட்டக் கந்தோருக்கு வாயால் சொன்னால் போதாது. மெடிக்கலின் போட்டோ பிரதியோடு கடிதம் கொடுத்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மருந்து ஏற்றி ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்குள் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கிருமியோடு சண்டை போடுகிற படை அதுதான். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் மற்றவர்களுக்கு வரும் காய்ச்சல் மாதிரி இல்லை. சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டு போகலாம்.

ஆகவே வீட்டில் ஒரு தர்மாமீட்டர் கட்டாயம் வேணும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் அல்லது அதற்கு மேல் காட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. "ரெண்டு பனடோல் குடிச்சிட்டு காலையில பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. மஹரகமவுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. டிக்கோயா கிளங்கனோ, நுவரெலியாவோ, எது கிட்டவோ அங்கே போங்கள். போனவுடனே கிளினிக் கொப்பியை நீட்டி, "கீமோ ஏத்தின ஆள், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது.

இரத்தம் நிற்காமல் வடிதல், மூச்சு முட்டல், ஒரு நாள் முழுக்கத் தண்ணி கூட வயிற்றில் தங்காத வாந்தி, நிற்காத வயிற்றோட்டம், மருந்து ஏற்றிய இடத்தில் சிவந்து எரிச்சல் ஆகியவற்றுக்கும் தாமதிக்கக்கூடாது.

லயத்து வீட்டில் கிருமியைத் தடுப்பது

ஒரே அறையில் ஆறேழு பேர் இருக்கிற இடத்தில் இது லேசில்லை என்று எனக்குத் தெரியும். முடிந்ததைச் செய்யுங்கள். சோறு கொடுக்க முன்பும், கக்கூசுக்குப் போய் வந்த பின்பும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஓடைத் தண்ணியானாலும் பீலித் தண்ணியானாலும் கொதிக்க வைத்து ஆறியதையே குடிக்கக் கொடுங்கள். சளி, இருமல், அம்மை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் வெளித் திண்ணையிலிருந்து பேசலாம். நோயாளி மாட்டுப்பட்டியில் சாணி அள்ளுவதையும், கோழிக்கூடு கழுவுவதையும், மருந்து தெளிப்பதையும் விட்டுவிட வேண்டும்.

மருந்து ஏற்றிய முதல் 2 நாள் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தியில் அந்த மருந்து கலந்திருக்கும். கக்கூசில் இரண்டு முறை தண்ணி ஊற்றச் சொல்லுங்கள். அழுக்குத் துணியை றப்பர் கையுறை போட்டுத் தனியாகக் கழுவுங்கள். கையுறை இல்லாவிட்டால் ஓட்டையில்லாத ஷொப்பிங் பையைக் கையில் மாட்டிக் கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண்களும் பிள்ளைகளும் அதைத் தொட வேண்டாம்.

வாந்தி, வாய்ப்புண், சாப்பாடு

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு குடிப்பது பிழை. டொக்டர் சொன்ன நேரத்துக்கு, வாந்தி வர முன்னாலேயே குடிக்க வேண்டும். அது போதாவிட்டால் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது. வயிறு நிறைய மூன்று வேளை சாப்பிடுவதை விட, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை சாப்பிடுங்கள். தாளிக்கிற வாசம் பிடிக்காவிட்டால் ஆறிய சாப்பாடு ஒத்துப்போகும். பஸ்சில் வரும்போது இரண்டு மூன்று பொலித்தீன் பை, ஒரு போத்தல் தண்ணி, ஒரு துவாய் எடுத்துப் போங்கள். கூட ஒருவர் வர வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணியில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளித்துத் துப்புங்கள். மெதுவான பிரஷ் பாவியுங்கள். கொச்சிக்காய்ச் சம்பல், புளி, சூடான தேத்தண்ணி தவிருங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடிக்கலாம்.

பத்தியம் என்று முட்டை, மீன், பாலை நிறுத்துவது பெரிய தவறு. இந்தக் காலத்தில் உடம்புக்குப் புரதம் கூடுதலாக வேணும். நன்றாக வேகவைத்த முட்டை, மீன், பருப்பு, பயறு, கடலை, சோயா மீட், பால் எல்லாம் கொடுங்கள். அரை வேக்காட்டு முட்டை, கழுவாத பச்சை மரக்கறி வேண்டாம். வாய்ப்புற்றுக்காரருக்கு விழுங்க முடியாமல் போனால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். அதைக் கண்டு பயப்படாதீர்கள். புண் ஆறும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற வழி அது.

முள்சீத்தா இலைக் கசாயம், வேறு நாட்டு மருந்து குடிக்கச் சொல்லி நல்லெண்ணத்தில் பலர் வருவார்கள். சில கசாயங்கள் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், கீமோ மருந்தோடு மோதும். டொக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம். அதை நம்பி ஆஸ்பத்திரியை விட்டுவிடவே வேண்டாம். கோயிலுக்குப் போங்கள், நேர்த்தி வையுங்கள், கிளினிக் திகதியையும் தவற விடாதீர்கள்.

தோலும் கையும்

கரண்ட் பிடிக்கும் இடத்தில் போட்ட அடையாளத்தைத் தேய்த்து அழிக்கக் கூடாது. அந்தத் தோல் வெயில் பட்டது போலக் கறுத்து உரியும். மஞ்சள், சந்தனம், தைலம் பூசாமல், டொக்டர் தந்ததை மட்டும் பூசுங்கள். மிதமான தண்ணியில் மெதுவாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். தளர்வான பருத்தி உடுப்பு நல்லது. தலையிலோ கழுத்திலோ கதிர் பிடித்தவர்கள் தோல் ஆறும் வரை கூடைக் கயிறு மாட்டக் கூடாது.

மார்பு ஒபரேஷனில் கக்கத்து முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். அந்தக் கையில் ஊசியோ பிரஷரோ எடுக்க விடாதீர்கள். தேயிலைக் குச்சி கிழித்தாலும் அட்டை கடித்தாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் உடனே காட்டுங்கள். வேலைக்குத் திரும்பும்போது பாரம் குறைந்த வேலை தரும்படி டொக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

குடும்பமும் லயமும்

முடி கொட்டுவது தொடங்கி 2, 3 கிழமையில் வரும். முன்னாலேயே கட்டையாக வெட்டிக்கொண்டால் மனது அவ்வளவு நோகாது. மருந்து முடிந்த பிறகு முடி திரும்ப முளைக்கும். "என்ன அக்கா, மொட்டையா?" என்று கேட்கிற வாய்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அடக்க வேண்டும்.

புருஷன்மாருக்கு ஒரு வார்த்தை. மனைவிக்கு நோய் வந்தால் சமையலும் பிள்ளை பார்ப்பதும் உங்கள் வேலை. மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அடுப்படியில் விடாதீர்கள். நோய் ஒரு வருஷத்தில் முடியலாம், பிள்ளையின் படிப்பு போனால் திரும்பாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பிள்ளை மடுவம் இருக்கிறது.

நான் வேலை செய்கிற பக்கத்தில் ஒரு லயத்துப் பெண்கள் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். அங்கே ஒரு அக்காவுக்கு மார்பில் நோய். மருந்து ஏற்றி வருகிற முதல் மூன்று நாளுக்கு, ஆளுக்கு ஒரு நாள் என்று மூன்று வீடுகள் அந்த வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தன. சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பஸ் காசுக்குத் தனி டப்பா வைத்தார்கள். அந்த அக்கா சொன்னார்: "டப்பாவுல காசு இருக்கிறப்ப போக மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?" எல்லாத் தடவையும் போய் முடித்தார்.

எல்லோருக்கும் முழுக் குணம் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கும் வேதனையைக் குறைக்க மருந்து உண்டு, அதைக் கேட்டு வாங்குவது அவர்களின் உரிமை. ஆனால் குணமாகக்கூடிய ஒருவர் பஸ் காசு இல்லாததாலோ, காய்ச்சலுக்குப் பனடோல் குடித்துப் படுத்ததாலோ போய்விடக் கூடாது. அதை நாம் தடுக்கலாம்.

கீழே உள்ளதை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

* அடுத்த கிளினிக் திகதி: ............
* கூடப் போகிறவர்: ............
* பஸ் காசு தயாரா? கடதாசிப் பை தயாரா?
* வீட்டில் தர்மாமீட்டர் இருக்கிறதா?
* 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல்: உடனே ஆஸ்பத்திரி. அம்புலன்ஸ் 1990.
* கடைசித் தடவை வரை நிறுத்தக் கூடாது.

ஏதாவது விளங்காவிட்டால், கடதாசி நிரப்பத் தெரியாவிட்டால், உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். கடதாசிகளையும் கையோடு கொண்டு வாருங்கள்.